கூண்டுக்கு வெளியே நிற்பவன்

சென்ற தவணையின் இறுதியில் எங்கள் பாடசாலை ஆசிரியர் அறையில் ஒரு சிறு விவாதம் எழுந்தது. விலங்கியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர், ஆய்வுகூட எலிகளின் நடத்தையை அவதானிக்கும் முறைகளை உயர்தர வகுப்பு மாணவர்க்கு விளக்கிவிட்டு வந்திருந்தார். "உங்கள் இலக்கியம் மனத்தைப் பற்றிக் கற்பனை செய்கிறது, எங்கள் விஞ்ஞானம் அதனை அளக்கிறது" என்று சிரித்துக்கொண்டே அவர் கூறினார். தமிழ் கற்பிப்பவனாகிய நான் உடனடியாக விடை கூறவில்லை. ஆயினும், அன்று வகுப்பில் மாணவன் ஒருவன் கேட்டதாக அவர் சொன்ன வினா என் மனத்திற் பதிந்துவிட்டது. "எலி என்ன செய்கிறது என்று நாங்கள் எழுதிக்கொள்கிறோம், சேர். நாங்கள் அங்கே நிற்பது எலிக்குத் தெரியாதா?" என்பதே அவ்வினா.

இது எளிய வினாவன்று. உயிருள்ள ஒன்றைக் கண்காணித்து அதனைப் பற்றி அறிய முயலும் எவரும், அவர் விஞ்ஞானியாயினும் ஆசிரியராயினும் தொழிற்சாலை மேற்பார்வையாளராயினும், எதிர்கொள்ள வேண்டிய அறப் பிரச்சினை ஒன்று இதனுள் அடங்கியிருக்கிறது. பார்ப்பவன் கூண்டுக்கு வெளியே நிற்கிறான் என்பது பொதுவான நம்பிக்கை. அந்நம்பிக்கை எவ்வளவு தூரம் உண்மையானது என்பதை, எலியைக் கண்காணித்த முறைகளின் வரலாற்றைக் கொண்டே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெள்ளெலி நடத்தை ஆராய்ச்சிக்கு உட்பட்டு நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. அமெரிக்காவிலுள்ள கிளாக் பல்கலைக்கழகத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளிலேயே, எலி ஓடும்போது சுழலும் சக்கரத்தைக் கொண்டு அதன் அன்றாட இயக்கத்தைப் பதிவு செய்தனர். அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லாட் ஸ்மோல், இங்கிலாந்தின் ஹம்ரன் கோட் அரண்மனைத் தோட்டத்தில் உள்ள, புகுந்தோர் வழி தடுமாறும் புதிர்வழியை மாதிரியாகக் கொண்டு எலிகளுக்கென ஒரு புதிர்வழியை அமைத்தார். அவருடைய ஆய்வு 1901ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1934ஆம் ஆண்டிற் கல்வின் ஹோல் என்பவர் எலியை ஒரு திறந்த வட்ட அரங்கில் விட்டு, அது இடும் புழுக்கைகளை எண்ணி, அதன் அச்சத்தை அளக்க முயன்றார். அதே பத்தாண்டில் ஹார்வாட் பல்கலைக்கழகத்தில் ஸ்கின்னர் தமது புகழ்பெற்ற பெட்டியை உருவாக்கினார். எலி ஒரு நெம்பை அழுத்தும். உணவுருண்டை ஒன்று விழும். ஒவ்வோர் அழுத்தத்தின்போதும் நகரும் தாளில் ஓர் எழுதுகோல் ஒரு படி மேலேறும். கோடு செங்குத்தாக ஏறினால் எலி விரைந்து அழுத்துகிறது என்று பொருள். கிடையாக நீண்டால் அது அழுத்தவில்லை என்று பொருள்.

இக்கருவிகள் அனைத்துக்கும் பொதுவான பண்பொன்று உண்டு. ஒவ்வொன்றும் எலி என்னும் உயிரிடம் ஒரே ஒரு வினாவை மட்டும் கேட்கிறது. சக்கரம் சுற்றுக்களை எண்ணும். புதிர்வழி தவறான திருப்பங்களை எண்ணும். பெட்டி அழுத்தங்களை எண்ணும். எழுதுகோல் அசையாதிருந்த வேளையில் எலி உறங்கியதா, மீசையை வருடியதா, சுவரை முகர்ந்ததா என்பது தாளில் இடம்பெறாது. இதனைக் குறையென்று மட்டும் கூறிவிடலாகாது. எல்லாவற்றையும் ஒருங்கே கேட்பவன் எதையும் திட்டமாக அறியமாட்டான். மேலும், அதற்கு முந்திய காலத்தில் விலங்குகளின் அறிவு பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் கேள்விப்பட்ட கதைகளாகவே இருந்தன. கண்ணாற் காணாததை எழுதாதே என்ற ஒழுக்கத்தை யோன் வாற்சன் 1913ஆம் ஆண்டில் உளவியலுக்கு விதித்தபோது, அது முன்னோக்கிய ஓரடியே என்பதில் ஐயமில்லை.

ஆனால், 'காணாததை எழுதமாட்டோம்' என்பது வேறு. 'எழுதப்படாதது இல்லை' என்பது வேறு. முதலாவது விஞ்ஞானியின் அடக்கம். இரண்டாவது அதிகாரியின் ஆணவம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கி விழுவது எவ்வளவு எளிது என்பதற்கு வாற்சனே சான்றாவார். எலி புதிர்வழியை எப்புலனாற் கற்கிறது என்று அறிவதற்காக அவர் எலிகளின் பார்வையையும் மோப்பத்தையும் செவிப்புலனையும் மீசையுணர்வையும் ஒவ்வொன்றாகப் போக்கி, அவற்றை ஓடவிட்டார். 1907இல் வெளியான அவ்வாய்வுக்கெதிராகப் பத்திரிகைகளில் அன்றே கண்டனம் எழுந்தது. கண்ணிழந்த எலி எத்தனை முறை தவறியது என்பது அட்டவணையில் இருந்தது. கண்ணிழந்தமை எலிக்கு யாது என்பதற்கு அட்டவணையில் நிரல் இல்லை.

எழுதப்படாததும் உண்டு என்பதை எலிகளைக் கொண்டே நிறுவியவர் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வேட் ரொல்மன். அவரும் ஹொன்சிக் என்பவரும் 1930ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இங்கு நினைவுகூரத்தக்கது. எலிகளில் ஒரு பிரிவுக்குப் புதிர்வழியின் முடிவில் நாள்தோறும் உணவு கிடைத்தது. வேறொரு பிரிவுக்குப் பத்து நாள்வரை எதுவும் கிடைக்கவில்லை. அவை அங்குமிங்கும் அலைந்தன. தவறுகளை எண்ணியவருக்கு அவை அதிகம் கற்காதவையாகவே தோன்றின. பதினோராம் நாள் அவற்றுக்கும் உணவு வைக்கப்பட்டது. மறுநாளே அவற்றின் தவறுகள் சடுதியாகக் குறைந்து, தொடக்கத்திலிருந்து உணவு பெற்ற எலிகளோடு அவை சமநிலை எய்தின. அந்தப் பத்து நாளும் அவை வழியைக் கற்றுக்கொண்டே இருந்தன. கற்றதைக் காட்டுவதற்கு அவற்றுக்குக் காரணம் மட்டுமே இருக்கவில்லை. மந்தம் என்று அளவுகோல் குறித்தது எலியின் மந்தத்தையன்று. தன்னுடைய குருட்டுத்தன்மையையே குறித்தது.

அளவுகோலின் குருட்டுத்தன்மையோடு இன்னொரு தீங்கும் சேர்வதுண்டு. அது பெயரிடுதலாகும். 1977ஆம் ஆண்டிற் போர்சோல்ற் என்பவரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனையை வகுத்தனர். வெளியேற வழியற்ற நீர்க் கலத்தினுள் எலி விடப்படும். அது சிறிது நேரம் நீந்தித் துழாவும். பின்னர் அசையாது மிதக்கும். அசையாதிருந்த நேரம் கணக்கிடப்படும். மனச்சோர்வுக்கான மருந்துகள் அந்நேரத்தைக் குறைத்தமையால், அம்மிதத்தலுக்கு 'நிராசை' என்று பெயரிடப்பட்டது. பல்லாண்டுகளாக எண்ணற்ற எலிகள் இவ்வாறு நீரில் விடப்பட்டன. ஆனால், தப்ப வழியில்லை என்று கண்டுகொண்ட உயிர் வீணே துழாவாது மிதந்து தன் வலிமையைச் சேமிக்கிறது என்று கொள்வதற்கும் அதே அளவு நியாயம் உண்டு என்று பின்வந்த ஆய்வாளர் பலர் வாதிட்டனர். அங்ஙனமாயின், நாம் நிராசை என்று எழுதியது எலியின் விவேகமாகவும் இருக்கலாம். காணப்பட்டது ஒன்றே, பெயரோ பார்ப்பவன் கொடுத்தது. பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது என்னும் பழமொழியைச் சொன்ன நம் முன்னோர், ஒரே நிகழ்ச்சிக்கு இரு பக்கங்களிலிருந்து இரு பெயர்கள் உண்டு என்பதை அறிந்திருந்தனர்.

இனி, மாணவனின் வினாவுக்கு நேராக வருவோம். பார்ப்பவன் அங்கே நிற்பது எலிக்குத் தெரியுமா?

1963ஆம் ஆண்டில் றொபேட் றொசந்தால், போட் ஆகிய இருவரும் வெளியிட்ட சோதனையை ஆசிரியர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நன்று. உளவியல் மாணவர்களுக்கு ஆளுக்கு ஐந்து எலிகள் கொடுக்கப்பட்டன. சிலரிடம், உங்களுடையவை கூர்மதி படைத்த பரம்பரை என்று கூறப்பட்டது. ஏனையோரிடம், உங்களுடையவை மந்தப் பரம்பரை என்று கூறப்பட்டது. உண்மையில் அவை யாவும் எவ்வித வேறுபாடுமின்றிப் பிரித்துக் கொடுக்கப்பட்ட சாதாரண எலிகள். எனினும், 'கூர்மதி' எலிகள் புதிர்வழியை மேலாகக் கற்றன. 'மந்த' எலிகள் பின்தங்கின. கூர்மதி எலிகளைப் பெற்றோர் தம் எலிகளை விரும்பியதாகவும் மென்மையாகக் கையாண்டதாகவும் தெரிவித்தனர். பார்ப்பவனின் எதிர்பார்ப்பு அவன் கைவழியே எலியின் உடலுக்குட் சென்றுவிட்டது.

இது பழைய கதையென்று ஒதுக்குவதற்கில்லை. 1999ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக மூன்று நகரங்களில் இயங்கிய மூன்று ஆய்வுகூடங்கள், ஒரே இனச் சுண்டெலிகளையும் ஒரே கருவிகளையும் ஒரே நேர ஒழுங்கையும் கொண்டு ஒரே சோதனைகளை நடத்தின. ஆயினும், சில சோதனைகளில் முடிவுகள் ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் வேறுபட்டன. 2010ஆம் ஆண்டில் லிவப்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர், சுண்டெலியை வாலிற் பிடித்துத் தூக்குவதே அதற்குப் பேரச்சத்தை உண்டாக்குகிறது என்றும், ஒரு குழாயினுள் நுழையவிட்டோ குவித்த கைகளிலோ எடுத்தால் அவ்வச்சம் தணிகிறது என்றும் காட்டினர். 2014ஆம் ஆண்டில் மக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட முடிவு இன்னும் வியப்புக்குரியது. ஆய்வாளர் ஆணாயின், அவருடைய உடல் வாடையே எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் உளநெருக்கடியை உண்டாக்கி, நோவுக்கு அவை காட்டும் எதிர்விளைவைக் குறைத்துவிடுகிறது. ஆண் ஒருவர் அணிந்த சட்டையை அருகில் வைத்தபோதும் அதுவே நிகழ்ந்தது. பெண் ஆய்வாளர் நின்றபோது அவ்வாறு நிகழவில்லை. எத்தனையோ ஆண்டுகளாக எலியின் நோவை அளந்தோம் என்று எண்ணியோர், தம் வாடையையும் அதனோடு சேர்த்தே அளந்திருக்கின்றனர்.

எலி எழுப்பும் குரலின் செய்தியும் இத்தகையதே. எலிகள் துன்புறும்போதும் அஞ்சும்போதும் செக்கனுக்கு ஏறத்தாழ 22,000 அதிர்வுகள் கொண்ட ஒலியையும், விளையாடும்போது ஏறத்தாழ 50,000 அதிர்வுகள் கொண்ட ஒலியையும் எழுப்புகின்றன. மனிதச் செவியின் எல்லை 20,000. 1954ஆம் ஆண்டில் ஆய்வுகூட எலிகளின் இவ்வகை ஒலிகள் கருவிகொண்டு கண்டறியப்படும்வரை, எலி பெரும்பாலும் மௌனமான பிராணியென்றே ஆய்வாளர் கருதியிருந்தனர். அது கூவிக்கொண்டுதான் இருந்தது. கேட்கும் செவி நம்மிடம் இருக்கவில்லை. தம் செவிக்கு எட்டாத குரலை இல்லாத குரலாகக் கொள்ளும் இவ்வழக்கம் ஆய்வுகூடத்தோடு நின்றுவிடுவதன்று என்பதை, சமுதாயத்தின் அடித்தட்டில் உள்ளோரை அறிந்தவர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அங்ஙனமாயின் மனிதனை விலக்கிவிட்டு இயந்திரத்தைக் காவலுக்கு வைக்கலாமே என்று கேட்கக்கூடும். அதுவே இன்று நிகழ்ந்துவருகிறது. தோலின் கீழ் அமைத்த சிறு மின்னணுச் சில்லு எலி எங்கே இருக்கிறது என்பதை இரவும் பகலும் அறிவிக்கிறது. அகச்சிவப்புக் கதிர்கள் இருளில் அதன் அசைவைப் பதிகின்றன. 2018ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட கணினி முறையொன்று, கமராப் படங்களிலிருந்து எலியின் மூக்கு, காது, வால் ஆகியவற்றைப் படத்துக்குப் படம் தானே பின்தொடர்கிறது. இம்முறைகளால் விளைந்த நன்மை பெரிது. எலி இரவில் இயங்கும் பிராணி. மனிதர் தம் வேலை நேரத்துக்கு ஏற்பப் பகலில் அதனை எழுப்பிச் சோதித்து வந்தனர். இப்பொழுது அதனைத் தொடாமல், அது வாழும் கூட்டிலேயே, அதன் தோழர்களோடு, அதற்குரிய வேளையிற் காணலாம்.

எனினும், இயந்திரத்தால் நாம் கூண்டுக்கு வெளியே சென்றுவிட்டோம் என்று எண்ணுவது மயக்கமே. மூக்கு எது, வால் எது என்று முதலிற் சில நூறு படங்களிற் குறித்துக் காட்டுபவன் மனிதன். எந்த அசைவை எண்ணுவது, எதனை விடுவது, எண்ணியதற்கு என்ன பெயரிடுவது என்று தீர்மானிப்பவனும் மனிதனே. கூண்டின் அளவையும் விளக்கின் ஒளியையும் வகுத்தவனும் அவனே. இயந்திரம் அவனுடைய வினாவைக் களைப்பின்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. வினா குறைபாடுடையதாயின் அக்குறையும் களைப்பின்றிப் பெருகும்.

இங்கு ஒரு தடையை எதிர்பார்க்கிறேன். எலியின் பொருட்டுக் கண்ணீர் சிந்துவது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு அல்லவா? மனிதரின் நோய்க்கு மருந்து காண எலியைப் பயன்படுத்துவதில் என்ன தவறு? இத்தடை நேர்மையானது. ஆய்வுகூட எலிகளால் மருத்துவம் பெற்ற பயனை மறுப்பது நன்றிகெட்ட செயலாகும். நான் கூற வருவது அதுவன்று. 1959ஆம் ஆண்டில் றசல், பேர்ச் என்னும் இரு ஆங்கில ஆய்வாளர், இயலுமிடத்து விலங்குக்குப் பதிலாக வேறு வழி காணல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பம் குறையும்படி முறையைச் செம்மைப்படுத்தல் என்னும் மூன்று நெறிகளை முன்வைத்தனர். மனிதாபிமானமும் விஞ்ஞானச் செம்மையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பது அவர்களுடைய நூலின் உட்கருத்து. வாலிற் பிடிக்கப்பட்ட சுண்டெலி அச்சத்தால் உறைந்து, சோதனைப் பொருளை அணுகவே மறுக்கிறது. குழாயில் எடுக்கப்பட்ட சுண்டெலியோ அதனை ஆராய்ந்து தன் திறனைக் காட்டுகிறது என்று 2017ஆம் ஆண்டில் லிவப்பூல் ஆய்வாளர் மீண்டும் நிறுவினர். கொடுமை இரக்கமற்றது மட்டுமன்று. அது பிழையான விடையையும் தருகிறது. அஞ்சிய உயிரைப் பார்ப்பவன் தன் நிழலையே பார்க்கிறான்.

எலிக்குச் செய்ததை மனிதன் மனிதனுக்குச் செய்யாமல் விட்டதில்லை. 1911ஆம் ஆண்டில் வெளிவந்த நூலில் பிரெடெரிக் ரெய்லர் தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் கடிகாரங்கொண்டு அளக்கும் முறையை விஞ்ஞான நிருவாகம் என்று அறிமுகஞ் செய்தார். அதன் இன்றைய வாரிசைப் பிரான்சிற் காணலாம். அங்குள்ள அமேசன் பண்டகசாலைகளில், பொதியை வருடிப் பதியும் கைக்கருவி தொழிலாளியின் ஓய்வையும் எண்ணியது. பத்து நிமிடத்துக்கு மேல் கருவி சும்மாயிருந்தால் ஒரு குறி. ஒரு பொருளைப் பதிந்து 1.25 செக்கன் ஆகுமுன் அடுத்ததைப் பதிந்தால் மற்றொரு குறி. மந்தமும் குற்றம், விரைவும் குற்றம். அளவுகடந்த கண்காணிப்பு எனக் கூறி, பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணைக்குழு அந்நிறுவனத்துக்கு 3 கோடி 20 இலட்சம் யூரோ தண்டம் விதித்தமை 2024 சனவரியில் அறிவிக்கப்பட்டது. ஸ்கின்னரின் எழுதுகோலைப் போலவே, அழுத்தங்களுக்கு இடையே அத்தொழிலாளி என்ன செய்தார், முதுகு நொந்ததா, தோழர் ஒருவருக்குக் கைகொடுத்தாரா என்பதை அக்கருவியும் எழுதவில்லை.

இவ்விடத்தில் ரொல்மனை மீண்டும் நினைவுகூர்தல் வேண்டும். விலங்குகளிலும் மனிதரிலும் நோக்கமுள்ள நடத்தை பற்றி 1932இல் எழுதிய நூலை அவர் வெள்ளெலிக்கே காணிக்கையாக்கினார். எலி வெறும் பொறியன்று. அது தன் உலகத்தின் வரைபடம் ஒன்றைத் தன்னுள் வைத்திருக்கிறது என்பது அவர் கொள்கை. 1949ஆம் ஆண்டில் கலிபோர்ணியாப் பல்கலைக்கழக ஆட்சிக் குழு, தாம் பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்தவரல்லர் என்று ஆசிரியர் ஒவ்வொருவரும் சத்தியஞ் செய்ய வேண்டும் என்று விதித்தது. ரொல்மன் மறுத்தார், மறுத்தோர்க்குத் தலைமையும் தாங்கினார். 1950ஆம் ஆண்டில் மறுத்தோர் வேலை நீக்கப்பட்டனர். ரொல்மனின் பெயரால் நடந்த வழக்கில், கலிபோர்ணியா உயர் நீதிமன்றம் 1952 ஒக்ரோபரில் அவர்களை மீண்டும் அமர்த்துமாறு தீர்ப்பளித்தது. மாநிலச் சட்டம் இருக்கையிற் பல்கலைக்கழகம் தனியே வேறொரு சத்தியத்தை விதிக்க முடியாது என்ற சட்டக் காரணத்தாலேயே அத்தீர்ப்பு அமைந்தது. எண்ணச் சுதந்திரத்தின் முழு வெற்றி என்று அதனைக் கூறவியலாது. எனினும், அளவுகோலுக்கு எட்டாத உள்ளம் எலிக்கும் உண்டென்று ஆய்வாற் கண்டவர், மனித உள்ளத்தை ஒரு வரிச் சத்தியத்தால் அளக்க முயன்றபோது தலைவணங்க மறுத்தார். இவ்விரண்டையும் தனித்தனிச் செய்திகளாக என்னால் எண்ண முடியவில்லை.

ஆசிரியர்களாகிய நாம் இதிலிருந்து கற்க வேண்டியது யாது? றொசந்தால் தம் எலிச் சோதனையை வகுப்பறைக்கும் கொண்டுசென்றார். அவரும் ஜேக்கப்சனும் 1968ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல், ஆசிரியரின் எதிர்பார்ப்பு மாணவரின் வளர்ச்சியைப் பாதிக்கிறது என்று கூறியது. அப்பாதிப்பு எவ்வளவு என்பது பற்றிப் பின்னர் கடும் விவாதம் நடந்தது. ஆயினும், நம் அனுபவம் அவ்வினாவை ஒதுக்கிவிட நம்மை விடாது. என் வகுப்பில், ஈராண்டுக்கு முன், பின்வரிசையில் ஒரு மாணவன் இருந்தான். அவனுடைய புள்ளிகள் எப்பொழுதும் முப்பதைத் தாண்டியதில்லை. மந்தம் என்று என் மனத்தில் எழுதிக்கொண்டேன். வினாக்களை அவனிடம் கேட்பதையும் மெல்ல நிறுத்திக்கொண்டேன். ஒருநாள் இடைவேளையில், அவன் தன் தோழர்க்கு நான் முதல்நாட் கற்பித்த பாடத்தை, என்னிலும் தெளிவாக, நடித்தே காட்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டான். அவன் கற்றுக்கொண்டேதான் இருந்தான். கற்றதை என் முன்னிலையிற் காட்டுவதற்கு நான் அவனுக்கு ஒரு காரணத்தையும் வைக்கவில்லை. அவன் நிறுத்தியதே மாணவனின் வினாவுக்கு விடையுமாகும்: நாம் அங்கே நிற்பது தெரிகிறது, நன்றாகவே தெரிகிறது.

இடாப்பும் புள்ளியும் வேண்டாம் என்று நான் கூறவில்லை. அளக்காமற் கற்பிக்க முடியாது; கண்காணிக்காமல் விஞ்ஞானமும் இல்லை. ஆனால், அளப்பவன் தன்னையும் கணக்கிற் சேர்க்கக் கடமைப்பட்டவன். எந்த வினாவைக் கேட்டேன், யார் நலனுக்காகக் கேட்டேன், எதனைக் கேட்காமல் விட்டேன், என் கையும் குரலும் வாடையும் விடையை எவ்வாறு மாற்றின என்பவற்றை அவனும் எழுதிவைக்க வேண்டும். எலி இவற்றை நம்மிடம் கேட்காது. தொழிலாளி சங்கமாகத் திரண்டால் கேட்பான். மாணவன் நாம் இடங்கொடுத்தாற் கேட்பான்.

இம்முறை தவணைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்தி முடித்தபின், ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில், நான் அம்மாணவனிடம் இத்தவணை எத்தனை முறை வினாக் கேட்டேன் என்பதையும் நினைவுக்கெட்டியவரை குறித்துப் பார்த்தேன். இரு நிரல்களும் ஏறக்குறைய ஒன்றாகவே இறங்கின. அந்தத் தாளை விலங்கியல் நண்பரிடம் காட்டினேன். அவர் இம்முறை சிரிக்கவில்லை. தாமும் அவ்வாறு ஒரு நிரலைத் தம் இடாப்பிற் சேர்க்கப் போவதாகக் கூறினார்.